ஐந்து அங்குல வலைக்கண்

நேயர்களே, மழை விட்ட மறுநாள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடாத பிள்ளை நம் தோட்டத்து லயங்களில் இருந்திருக்க முடியாது. பால் டின்னில் மண்புழுவை நிரப்பிக்கொண்டு, செம்பனைக் காட்டு வாய்க்காலிலோ, பழைய ஈயக்குட்டையிலோ போய் உட்கார்ந்தால் கெளுத்தி அகப்படும், விரால் அகப்படும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு திலாப்பியாவாவது மாட்டும். ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்ததால் பெரியவர்கள் அதை ஜப்பான் மீன் என்பார்கள். விரல் நீளத்தில் ஒரு குஞ்சு மாட்டிவிட்டால் பக்கத்தில் குந்தியிருக்கும் தாத்தா சும்மா இருக்க மாட்டார். "அத விட்டுடுடா, வளரட்டும்" என்பார். சொன்னதைக் கேட்டு விட்டவர்களும் நம்மில் உண்டு. அவர் திரும்பிய நேரம் பார்த்து வாளியில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

தாத்தா சொன்ன அந்தச் சொல்லையே ஒரு பெரிய ஏரிக்குச் சட்டமாக எழுதினார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் சென்றதும் அந்தச் சட்டத்தைத் தாங்களே கைவிட்டார்கள். அதன் பலனை மூன்று நாட்டு மக்கள் அனுபவித்தார்கள். அந்த ஏரியின் வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவில், பூமத்திய ரேகை மேலே ஓட, விரிந்து கிடப்பது விக்டோரியா ஏரி. அதன் பரப்பு சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். மேற்கு மலேசியாவை எடுத்து இரண்டாக மடித்தால் ஏறக்குறைய அந்த அளவு. நன்னீர் ஏரிகளில் பரப்பளவில் உலகத்திலேயே இரண்டாவது. கென்யா, உகண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. கென்யாவுக்குக் கிடைத்தது மிகச் சிறிய மூலைதான். விக்டோரியா என்பது 1858-இல் அங்கே போய்ச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயர் தம் மகாராணியின் பெயரை வைத்தது. லுவோ மக்கள் அதை நாம் லோல்வே என்பார்கள், கண்டா மக்கள் நலுபாலே என்பார்கள்.

அந்தக் கரையில் பல தலைமுறைகளாக மீன் பிடித்தார்கள். பிடித்த விதம் எளிமையானது. ஏரியோரம் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து வளரும் பாப்பிரஸ் கோரையைக் கட்டி இழுவலை செய்வார்கள். மூங்கில் கூடை போலப் பின்னிய பொறியை ஆற்று வாயில் வைப்பார்கள். தடுப்பு வேலி போட்டு மீனை மடக்குவார்கள். ஆழத்துக்குப் போக அவர்களிடம் கருவி இல்லை. ஆகவே கரையோரத்து மீனைத்தான் எடுத்தார்கள், நடு ஏரி தப்பியிருந்தது. அவர்கள் மிகவும் விரும்பிய மீன் ங்கெகே. நம் ஜப்பான் மீனுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். தாய்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் இனம். வாயில் வைத்துக் காப்பதால் ஒரு தடவைக்கு மிக அதிகமான குஞ்சுகளை வளர்க்க முடியாது. இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல்மீன் போல இலட்சக்கணக்கில் முட்டையிட்டுக் கணக்கை ஈடுசெய்யும் மீன் இல்லை அது.

1901-ஆம் ஆண்டு இரயில் வந்தது. கடற்கரையிலுள்ள மொம்பாசாவிலிருந்து ஏரிக்கரையிலுள்ள கிசுமு வரை போட்ட அந்தத் தண்டவாளத்துக்காக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலில் ஏற்றிப் போனார்கள். நம் முன்னோர் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்த அதே காலம்தான். ஆனால் அங்கே போனவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிகள். ஏறக்குறைய 2,500 பேர் அந்த வேலையிலேயே மாண்டார்கள். அவர்கள் போட்ட பாதை வழியாகத்தான் ஏரி மீன் முதன்முதலாக நகரத்துக்குப் போனது. வாங்க ஆள் வந்துவிட்டால் பிடிக்கவும் ஆள் வருவார் அல்லவா?

1905-இல் செவுள்வலை வந்தது. இதைச் சற்று விளக்க வேண்டும். சுவர் போலத் தண்ணீரில் நிற்கும் வலை அது. வரும் மீன் கண்ணுக்குள் தலையை நுழைக்கும், உடல் நுழையாது. பின்வாங்கினால் செவுளில் நூல் மாட்டிக்கொள்ளும். ஆகவே வலைக்கண் எவ்வளவோ அவ்வளவு மீன்தான் அதில் நிற்கும். கண் பெரிதானால் சிறிய மீன் உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். கண் சிறிதானால் குஞ்சும் மாட்டும். மீனை ஒவ்வொன்றாக எடுத்து அளக்காமலே, கடையில் விற்கும் வலையை அளந்தால் போதும் என்பது இதன் வசதி.

ஆரம்பத்தில் ஓர் இரவுக்கு வலைக்கு ஐம்பது, நூறு என்று ங்கெகே விழுந்ததாகக் கணக்கு. இருபது ஆண்டுகளில், இரயில் முனையாகிய கிசுமுவை ஒட்டிய வளைகுடாவில், அது பத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மீன் குறைந்ததும் மனிதர்கள் என்ன செய்தார்கள்? வலைக்கண்ணைச் சிறிதாக்கினார்கள். எங்கேயும் நடப்பதுதான். கைக்கு வருவது குறையக் குறைய இன்னும் சின்னதைப் பிடித்துத்தான் வாளியை நிரப்ப முடியும். வாளி நிரம்பியதும், ஒன்றும் குறையவில்லை என்று தோன்றும்.

நிலைமையைப் பார்க்க மைக்கேல் கிரகாம் என்ற ஆங்கிலேய மீன் ஆய்வாளரை அனுப்பினார்கள். 1927, 1928-ஆம் ஆண்டுகளில் அவர் ஏரி முழுவதும் சுற்றினார். 1929-இல் அறிக்கை வெளிவந்தது. அதில் மூன்று செய்திகளை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, செவுள்வலையின் கண், இழுத்துப் பிடித்து மூலைக்கு மூலை அளக்கும்போது 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் கண்ணில் சிக்கும் ங்கெகே பெரும்பாலும் ஒரு தடவையாவது குஞ்சு பொரித்த மீனாக இருக்கும். இரண்டாவது, மீனுக்கு எல்லைக்கோடு தெரியாது, ஆகவே முழு ஏரிக்கும் ஒரே நிர்வாகம் வேண்டும். மூன்றாவது, வேறு இடத்திலிருந்து பெரிய கொல்லுமீன் எதையும் ஆராயாமல் கொண்டுவந்து விடுவது பேராபத்து.

முதலாவதைக் கேட்டார்கள். 1930களின் தொடக்கத்தில் 5 அங்குலச் சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டாவதைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து அரைகுறையாகக் கேட்டார்கள். மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்வோம்.

சட்டம் இருந்தது. ஆனால் அதைக் காப்பவர்கள் யார்? சில அதிகாரிகள், சில படகுகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரை. கரையிலே வாழ்பவர்களை யாரும் கேட்கவில்லை. சட்டம் வெள்ளைக்காரத் துரையின் சட்டமாகவே இருந்தது. பெரட்டுக் களத்தில் காரணம் சொல்லாமல் போடும் உத்தரவுக்கு நம்மவர்கள் எப்படிக் கீழ்ப்படிவார்கள் என்பதை நாம் அறிவோம். துரை பார்க்கும்போது கீழ்ப்படிவார்கள். அங்கேயும் அப்படித்தான். 1950களில் நைலான் வலை வந்தது. அது உக்காது, பழைய நூல்வலையைவிட அதிகம் பிடிக்கும். திருட்டுத்தனமாகச் சிறுகண் வலைகளும் பெருகின. சட்டத்தைக் காக்க முடியவில்லை என்றும், ஏரியில் உள்ள மற்றச் சிறிய இன மீன்களைப் பிடிக்க அது தடையாக இருக்கிறது என்றும் சொல்லி, 1956 முதற்கொண்டு ஒவ்வொரு பிரதேசமாக அதைக் கைவிட்டார்கள்.

கைவிட்டதும் மீன் கூடியது! அடுத்த ஓரிரு ஆண்டுகள் நல்ல பிடிப்பு. சட்டத்தை எடுத்தது சரிதான் என்று பேசிக்கொண்டார்கள். கூடியது மீனில்லை, நாளைக்கு வரவேண்டியது இன்றே வந்தது. நான்கு அங்குலம், மூன்றரை அங்குலம் என்று வலைக்கண் சுருங்கியது. 1960களின் முடிவுக்குள் ங்கெகே அந்தப் பெரிய ஏரியில் அருகிப் போனது.

வலைக்கண்ணை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. ங்கெகே குறைவதைக் கண்டு வேறு ஏரிகளிலிருந்து வேறு திலாப்பியா இனங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நிங்கு என்று ஒரு மீன் இருந்தது, கெண்டைக்கு உறவு. மழைபெய்து புதுவெள்ளம் வந்ததும் ஏரியிலிருந்து ஆற்றுக்கு ஏறி, வெள்ளம் பரவிய புல்வெளியில் முட்டையிட்டுத் திரும்பும். புதுத்தண்ணீரில் மீன் ஏறுவதை நம் ஊர்ப்புறத்து மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். முட்டைச் சுமையோடு ஏறும் வழியிலேயே, ஆற்று வாயை அடைத்துச் செவுள்வலை கட்டினார்கள். 5 அங்குலமானாலும் மூன்று அங்குலமானாலும் அந்த இடத்தில் அந்த நேரத்தில் கட்டிய வலை ஒன்றுதான். நிங்குவின் தொழில் படுத்துவிட்டது. மீனின் நீளத்தை மட்டும் காத்து, அது முட்டையிடும் இடத்தையும் காலத்தையும் காக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இப்போது அந்த மூன்றாவது எச்சரிக்கைக்கு வருவோம். நைல் பெர்ச் என்பது இரண்டு மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடிய கொல்லுமீன். ஏரியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்து நிறைந்திருந்த சிறிய மீன்களைத் தின்று அது பெரிய கறிமீனாக வளர்ந்து கொடுக்கும் என்று மீன்துறையில் சிலர் வாதாடினார்கள். ஜிஞ்சாவிலிருந்த ஆய்வாளர்கள் வேண்டாம் என்றார்கள். வாதம் முடியும் முன்பே, 1954-இல், உகண்டாப் பக்கம் இரகசியமாகக் கொண்டுவந்து விட்டாயிற்று. 1962, 1963-இல் வெளிப்படையாகவே விட்டார்கள். இருபது ஆண்டுகள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. 1980களில் அது வெடித்துப் பெருகியது. சிறு மீன் இனங்களில் ஏறக்குறைய இருநூறு கண்ணிலிருந்து மறைந்தன.

ஆனால், நேயர்களே, இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஏரியின் மொத்தப் பிடிப்பு 1970களில் ஆண்டுக்கு இலட்சம் டன் அளவில் இருந்தது, 1990-ஐ ஒட்டி ஐந்து இலட்சம் டன் வரை ஏறியது. கரையெல்லாம் துண்டுபோட்டு உறையவைக்கும் ஆலைகள் எழுந்தன. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி. பல இலட்சம் பேருக்கு வேலை கிடைத்தது. அந்த மீனை ஒரேயடியாகச் சபிக்க அவர்களுக்கு மனம் வராது, நாமும் சபிக்கத் தேவையில்லை. பணம் யார் கைக்குப் போனது என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் படகு கரை சேர்ந்ததும் பெண்கள் கூடையோடு நிற்பார்கள். மீனை வாங்கி, வெயிலில் உலர்த்தி, சந்தையில் விற்று வீட்டை நடத்துவார்கள். நைல் பெர்ச் கொழுப்பு மிகுந்த மீன், வெயிலில் உலராது, புகை போட வேண்டும். அதற்கு விறகு வேண்டும். கரையோரத்து மரங்கள் அடுப்புக்குப் போயின. கடைசியில் ஆலை லாரி வந்து முழுமீனையும் வாங்கிக்கொண்டது. சதையை அரிந்தெடுத்த பிறகு மிஞ்சும் தலையையும் முள்ளையும் பெண்கள் வாங்கிப் பொரித்து விற்றார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு ம்கோங்கோ வாஸி என்று பெயர் வந்தது. வெறும் முதுகு என்று பொருள். ஏரிக்கரையில் பிறந்த பிள்ளைக்கு முள். கடல் தாண்டிய ஊருக்குச் சதை. பால்மரம் சீவியவர் வீட்டில் கார் டயர் இருந்ததில்லை என்பதை நினைத்துக்கொண்டால் இது நமக்குப் புதிதாக இராது.

ஆலைகளுக்குத் தீனி போதவில்லை. பெரிய மீன் குறைந்ததும் சிறியதை வாங்கினார்கள். மீண்டும் அதே பழைய கதை! பூச்சிமருந்தைத் தண்ணீரில் ஊற்றி மீன் பிடிக்கும் கொடுமையும் நடந்தது. 1999-இல் அதன் காரணமாக ஐரோப்பா அந்த ஏரி மீனை வாங்க மறுத்தது. அப்போதுதான் பலருக்குக் கண் திறந்தது.

கிரகாம் சொன்ன இரண்டாவது யோசனை 65 ஆண்டுகள் கழித்து முழு உருவம் பெற்றது. 1994-இல் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டு, விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பை ஜிஞ்சா நகரில் ஏற்படுத்தின. அடுத்த பத்து ஆண்டுகளில் நைல் பெர்ச்சுக்கு இரட்டை அளவு ஒன்றை ஒத்துக்கொண்டார்கள். 50 சென்டிமீட்டருக்குக் குறைந்ததைப் பிடிக்கக் கூடாது. 85 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் பிடிக்கக் கூடாது. சிறியதை விடுவது நமக்குப் புரிகிறது. பெரியதை ஏன் விட வேண்டும்? இந்த இனத்தில் பெண்மீன் ஆணைவிடத் தாமதமாகவே பருவத்துக்கு வரும். மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பெரிய தாய்மீன் பல மில்லியன் முட்டையிடும். சின்னத் தாய்கள் பல சேர்ந்தாலும் அதற்கு ஈடாகாது. நம் தாத்தா சின்னதை விடச் சொன்னார், பெரிய தாயை விடச் சொன்னாரா என்பது நினைவில்லை.

இம்முறை கரையிலுள்ளவர்களையும் சேர்த்தார்கள். ஒவ்வொரு துறையிலும் ஒரு குழு. படகு முதலாளி மட்டுமல்லாமல், படகில் கூலிக்குப் போகிறவரும், மீன் வாங்கி விற்பவரும், பெண்களும் அதில் உட்கார வேண்டும் என்று விதி. சில துறைகளில் இது நன்றாக நடந்தது. சிலவற்றில் குழுத்தலைவரே சிறுகண் வலைக்குக் கண்ணை மூடிக்கொண்டார். உகண்டாவில் 2017-இல் இராணுவத்தை இறக்கினார்கள். சிறு படகுகளையும் தடைசெய்யப்பட்ட வலைகளையும் பிடுங்கித் தீயிட்டார்கள். பெரிய மீன் மறுபடி கண்ணில் பட்டது, ஏற்றுமதி உயர்ந்தது. அதே சமயம் அடிவாங்கியவர்களும், ஒரே படகை இழந்து நின்றவர்களும் முறையிட்டார்கள். நீளமான படகு வாங்க வசதியுள்ளவன் தொழிலில் நின்றான், வசதியில்லாதவன் கரையில் நின்றான். மீனைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்கான விலையை ஏழையிடம் மட்டும் வசூலிப்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

ஏரித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மலைச்சரிவுகளை வெட்டியதால் மண்ணும், வயல் உரமும், நகரத்துக் கழிவும் ஏரியில் சேர்ந்தன. பாசி மண்டியது, அடித்தண்ணீரில் பிராணவாயு குறைந்தது. 1980களின் முடிவில் ஆகாயத்தாமரை வந்து படர்ந்தது. இங்கே முன்பு சீனர்கள் வேகவைத்துப் பன்றிக்குப் போட்ட அதே செடிதான். 1998-ஐ ஒட்டிப் பல ஆயிரம் ஹெக்டேரை மூடிக்கொண்டு, படகு கரைக்கு வர முடியாமல் செய்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடியை, அதே ஊர்ச் சிறு கூன்வண்டுகளை விட்டுத் தின்னச் செய்தார்கள். அதன் பிறகு பெருமளவு குறைந்தது, ஆனாலும் மழைக்காலங்களில் இன்றும் தலைகாட்டுகிறது.

இவ்வளவுக்கும் நடுவே ங்கெகே என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்கலாம்.

கென்யாப் பக்கம் யாலா என்ற ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஒரு பெரும் சதுப்பு நிலம் உண்டு. முழுவதும் பாப்பிரஸ் கோரை. அதற்குள் கன்யாபோலி என்று ஒரு சின்ன ஏரி. அடர்ந்த கோரைக்கு நடுவே தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவு. நைல் பெர்ச்சுக்கு அது மூச்சு முட்டும் இடம், ஊர்ச் சிறுமீன்களோ பழகிக்கொண்டவை. உகண்டாவில் நபுகாபோ என்ற ஏரியிலும், கோரை ஓரங்களில்தான் பழைய இனங்கள் தப்பியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். கன்யாபோலியில் நைல் பெர்ச் குடியேறவில்லை. பெரிய ஏரியில் அருகிப்போன ங்கெகேயும், அங்கே காணாமற்போன சிறு இனங்கள் சிலவும் அந்தச் சின்ன ஏரியில் இருந்தன. ஊர்க்காரர்கள் அவற்றைச் சிறு படகில் போய்ப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் அவற்றைக் காக்கவேண்டும் என்று திட்டமிட்டுக் காக்கவில்லை, கோரையை வெட்டாமல் விட்ட இடத்தில் அவை தாமாகவே தங்கிவிட்டன.

அந்தச் சதுப்பையும் முழுதாக விட்டுவைக்கவில்லை. 1960களிலிருந்து ஒரு பகுதியை வடித்துப் பயிர்நிலமாக்கினார்கள். 2000களில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நெல் பயிரிட வந்தது. வேலை கிடைக்கும் என்று வரவேற்றவர்களும் அந்த ஊரில் உண்டு. கோரை வெட்டிப் பாய் முடைந்து விற்ற பெண்கள் எதிர்த்தார்கள். மீன்பிடிப்பவர்களும் எதிர்த்தார்கள். சதுப்பில் எவ்வளவு உழவுக்கு, எவ்வளவு கோரைக்கு என்ற வழக்கு அந்த ஊர்மக்களிடையே இன்னும் தீரவில்லை. கன்யாபோலிக் கரையில் காலையில் படகு வந்ததும் ங்கெகே வாங்கப் பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள்.